முழக்காய்

கரட்டுப்பாளையத்துக்குப் போய்ச் செங்கோடன் வீடு எது என்று கேட்டால், எந்தச் செங்கோடன் என்று திருப்பிக் கேட்பார்கள். முழக்காய் செங்கோடன் என்று சொன்னால் போதும், சின்னப் பிள்ளைகூட வழி காட்டும்.

அந்த ஊரில் முருங்கைக்காயை நிறுப்பதற்கு முன்னால் முழம் போடுவார்கள். காயின் அடியை முழங்கை மூட்டில் வைத்து, நுனி எதுவரை வருகிறது என்று பார்ப்பது. நடுவிரல் நுனியைத் தொட்டால் முழக்காய். தாண்டிவிட்டால் கேட்கவே வேண்டாம், விளைவித்தவர் ஒரு வாரத்துக்கு மீசையை முறுக்கிக்கொண்டு திரிவார்.

செங்கோடன் தோட்டத்துக் காய் விரலைத் தாண்டி இன்னும் நாலு விரற்கடை நிற்கும். இன்னும் கொஞ்சம் நீளட்டும், இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று ஒரு வாரம் கூடுதலாகவே மரத்தில் விட்டு வைப்பார். இது நீளாது, இது கோணிக்கொண்டு போகிறது என்று தெரிந்தால் அதை இளசிலேயே பறித்து வீட்டுச் சட்டிக்கு அனுப்பிவிடுவார். நல்லது சந்தைக்கு, நொள்ளை வீட்டுக்கு. முப்பது வருஷமாக அதுதான் வழக்கம்.

அப்பேர்ப்பட்ட மனிதர், நானூறு மரத்தையும் வெட்டிப்போடுவது என்று முடிவு கட்டினார்.

பின்னே என்ன செய்வார்? ஒரு காலத்தில் வியாபாரி வண்டி கட்டிக்கொண்டு தோட்டத்துக்கே வந்து நிற்பான். இந்த இரண்டு வருஷமாக அவனைத் தேடி இவர் போக வேண்டியிருக்கிறது. போனாலும் ஒரே பதில்தான்: "காய் போக மாட்டேங்குதுங்க. சந்தை மாறிப்போச்சு." போன மாதம் அனுப்பின மூட்டையில் பாதி, பிரிக்காமலே திரும்பி வந்தது. திரும்பி வந்த மூட்டையைப் பார்த்து அந்த மனிதர் வாசலில் நின்று அழுதார். ஊரே பார்த்தது.

புதன்கிழமை மரம் அறுக்க மாரப்பனைச் சொல்லியாயிற்று. செங்கோடனே வெட்டுகிறார் என்றால் நாம் மட்டும் வைத்துக்கொண்டு என்ன வாழப்போகிறோம் என்று மற்றவர்களும் மாரப்பனிடம் நாள் கேட்டு வைத்தார்கள். ஊர் முழுக்க நாலாயிரம் மரத்துக்குக் குறையாது. எல்லாம் ஒரு மனிதரின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றன.

அவர் மனைவி பாவாயிதான் சொன்னாள்.

"மரத்துல கை வெக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பொற்கொடிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாங்களேன்."

"அவகிட்டயா? என்ற மக வயசு. முருங்கையில எது கிளை, எது வேருன்னு தெரியுமா அவளுக்கு?"

"தெரியாட்டித்தான் என்ன? சிந்தாமணிக்கு வழி சொல்லலையா?"

சிந்தாமணி கதை எல்லாருக்கும் தெரியும். பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த பெண். இருக்கிற ஒண்ணரை ஏக்கரில் என்ன வைத்தால் விற்கும் என்று பொற்கொடியிடம் போய்க் கேட்டாள்.

பொற்கொடி அவள் கையில் ஒரு விளக்குமாற்றைக் கொடுத்தாள்.

"வாரச்சந்தை கலைஞ்சதும் இடத்தைக் கூட்டிப்போட்டு வா."

"நான் படிச்சது வேதியியலுங்க்கா!"

"அதனாலென்ன கண்ணு? நல்லாக் கூட்டு."

அழுதுகொண்டேதான் கூட்டினாள். நாலு வாரம் கூட்டினாள். அஞ்சாவது வாரம் அவள் கேள்வி கேட்க வரவில்லை. விளக்குமாற்றைச் சுவரோரமாகச் சாத்தி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். குப்பையில் எது ஒரு நாளும் விழவில்லையோ, அதை விதைத்தாள். இன்றைக்கு அவள் கொத்தமல்லிக்கட்டு சந்தைக்குள் நுழைவதற்குள் தீர்ந்துவிடுகிறது.

இதைக் கேட்டபோது செங்கோடன் சிரித்தார். "கூட்டிப் பெருக்குறதெல்லாம் ஒரு பாடமா?" என்றார். ஆனால் சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள், ஒரு கட்டு முழக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போய்விட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆனால் பாவாயியின் பேச்சை அவர் ஒரு நாளும் தட்டினதில்லை.

ஊர்க்கோடியில் மூடிப்போன பருத்தி மில்லின் கொட்டகை. அங்கேதான் பொற்கொடி இருப்பாள். முப்பத்திநாலு வயசு. பட்டணத்து மார்க்கெட்டில் பத்து வருஷம் மூட்டை பிரித்தவள். ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து விவசாயிகளும் படித்த பிள்ளைகளும் அவளைத் தேடி வருகிறார்கள். ஏன் வருகிறார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

"வாங்க மாமா. உக்காருங்க."

"உக்கார வரலை அம்மிணி. ஒரே ஒரு கேள்வி. கேட்டுப்போட்டுப் போயிடறேன்."

"கேளுங்க."

"சந்தை மாறிப்போச்சுங்கறான். மழை மாறுச்சு, காத்து மாறுச்சு, அதெல்லாம் கண்ணுல பாத்தேன். இந்தச் சந்தையை மாத்தினது யாரு? அந்த ஆளு யாருன்னு மட்டும் சொல்லு. நேராப் போய் நாலு வார்த்தை கேட்டுப்போடறேன்."

பொற்கொடி யோசித்தாள்.

"பேரு தெரியாதுங் மாமா."

"பத்து வருசம் அங்கயே கெடந்தவளுக்குப் பேரு தெரியாதா?"

"தெரியாது. ஆனா ஆளைக் காட்டலாம். மார்க்கெட்டுக்குப் போற லாரி இன்னும் கெளம்பலை. வர்றீங்களா?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் முழக்காய் செங்கோடன் பின்வாங்கினார் என்று பேர் வரக்கூடாதே.

"கெட்டும் பட்டணம் சேருன்னு சும்மாவா சொன்னாங்க? நட போலாம்" என்றார்.

அவள் அவர் தோளில் கிடந்த துண்டைக் கேட்டு வாங்கினாள். பாவாயி கைத்தறிக்காரரிடம் சொல்லி நெய்த துண்டு, சிவப்பிலும் பச்சையிலும் ஜோடிக்கரை போட்டது. அவர் தடுப்பதற்குள் அதன் கரையில் ஒரு முழத்தைச் சர்ரென்று கிழித்தாள். கிழித்த கரையை அவர் கொண்டு வந்த காய்க்கட்டின் மேல் கட்டினாள்.

"அடிப்பாவி! புதுத் துண்டு!"

"இந்தக் கட்டைக் கண்ணை விட்டு விடாதீங்க மாமா" என்றாள் அவள்.

மறுநாள் விடியும்போது லாரி பட்டணத்துப் பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைந்தது. செங்கோடன் கீழே இறங்கினார். இறங்கின இடத்திலேயே நின்றுவிட்டார்.

வாரச்சந்தைதான் அவர் பார்த்த பெரிய சந்தை. இங்கே வெங்காயம் மட்டுமே அவர் ஊர்க் கரட்டுக் குன்று உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. முட்டைக்கோசு லாரிகள் கண்ணுக்கெட்டின மட்டும் வரிசையில் நின்றன. பேர் தெரியாத கீரைகள், பார்த்தே இராத நிறத்தில் குடமிளகாய்கள். தலையில் மூட்டையோடு மனிதர்கள் ஓடினார்கள். ஒருவரையும் இடிக்காமல் ஆயிரம் பேர் ஓடினார்கள்.

"அட சாமி" என்றார். "அட என் சாமியே! இத்தனையும் யாரு திங்கறா அம்மிணி?"

"பொழுது சாயறப்ப இதே எடம் வெறுசா இருக்குமுங் மாமா."

"இத்தனையுமா?"

"இத்தனையும்."

அவர் கை தானாகக் கூப்பிக்கொண்டது. யாரைக் கும்பிட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

காய்க்கட்டு நகரத் தொடங்கியது. இருவரும் அதன் பின்னாலேயே போனார்கள். லாரியிலிருந்து இறக்கினவர் ஒருவர். தலையில் சுமந்தவர் ஒருவர். கடையில் அடுக்கினவர் ஒருவர். அங்கிருந்து எடுத்துக்கொண்டு போன சில்லறை வியாபாரி ஒருவர். அவரிடமிருந்து வாங்கித் தள்ளுவண்டியில் வைத்த ஒரு பெண். செங்கோடனுக்கு நெஞ்சு விம்மியது. பாத்தி பிடித்து, தண்ணீர் விட்டு, அவர் வளர்த்த மரத்தின் காயை இத்தனை கை ஏந்துகிறது. அதில் ஒரு கையின் முகம்கூட அவருக்கு இதுவரை தெரியாது.

"நானு வெச்ச மரத்துக்கா இத்தனை பேரு?" என்று கேட்டார்.



தள்ளுவண்டிக்காரி கட்டைப் பிரித்தாள். சிவப்பும் பச்சையுமான கரையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரோ காய் கேட்டார்கள். பை சின்னது. அவள் முழக்காயை இரண்டு கையாலும் பிடித்தாள். விரலைத் தாண்டி நாலு விரற்கடை நிற்கிற காய். ஒரு வாரம் கூடுதலாக மரத்தில் விட்ட காய்.

மடக்கென்று இரண்டாக ஒடித்துப் பைக்குள் போட்டாள்.

"அய்யய்யோ!" என்றார் செங்கோடன்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "என்னாச்சு பெரியவரே? நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணுமில்லை தாயி" என்றார். ஆனால் வலிக்கத்தான் செய்தது.

"சாம்பாருக்கு எப்படியும் வெரல் நீளத்துக்குத்தானே வெட்டப்போறாங்க" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். அடுத்த திருப்பத்தில் வண்டி கண்ணில் படவில்லை. செங்கோடன் எட்டி எட்டிப் பார்த்தார்.

"போச்சு அம்மிணி. கண்ணை விட்டு விட்டுட்டனே."

"போகட்டும் விடுங்க மாமா. சித்த எடத்தைச் சுத்திப் பாத்துட்டு, எங்கியாச்சும் சாப்பிடலாம்."

உச்சிப்பொழுதுக்கு ஒரு சந்துக்குள் கூட்டிப் போனாள். அஞ்சலை மெஸ் என்று ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. பொற்கொடி மார்க்கெட்டில் இருந்த பத்து வருஷமும் சாப்பிட்ட இடம். நாலு பெஞ்சு, நாலிலும் கூட்டம். சிமெண்டு காயாத கையைக் கழுவிக்கொண்டு ஒரு கொத்தனார் வந்தார். துணிக்கடைச் சீருடையில் இரண்டு பெண்கள், ஒரு ஆட்டோக்காரர், முதுகில் பையோடு இரண்டு மூன்று பிள்ளைகள்.

இலை போட்டார்கள். சோறு விழுந்தது. அதன் மேல் முருங்கைக்காய்ச் சாம்பார்.

முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு செங்கோடன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பிசைந்து இரண்டு வாய் அள்ளிப் போட்டார். சாம்பார் அமிர்தமாக இருந்தது. ஒரு காய்த்துண்டை எடுத்துக் கடித்து இழுத்தார். வரவில்லை. கடைவாயில் வைத்துக் கடித்தார். நார் பல்லிடுக்கில் சிக்கியது. உள்ளே விதை பட்டாணிபோலக் கெட்டியாகக் கிடந்தது.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பசி நேரத்துக் கோபம்.

"எவன்டா இவன்? முத்திப்போன வெறகையெல்லாம் காயின்னு அனுப்பி வெச்சவன்? மனுசன் திங்கற சோத்துல..." என்று சத்தமாகவே சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து இலை ஓரத்தில் போட்டார்.

"நல்லா நாக்கைப் புடுங்கற மாதிரிக் கேளுங்க பெரியவரே" என்றார் ஆட்டோக்காரர்.

அஞ்சலை அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"கோச்சுக்காதீங்கய்யா. தெனம் வேற ஊர்க் காயி, நல்ல இளசு, அதுதான் வாங்குவேன். இன்னிக்கு அது தீந்துபோச்சு. வண்டிக்காரி இதுதான் இருக்குன்னு ஒரு துணியில கட்டிக் குடுத்தா. இந்தாங்க, சாம்பார் மட்டுமாவது ஊத்திக்குங்க."

அவள் கையில் சாம்பார் வாளி இருந்தது. சூடு தாங்குவதற்காக வாளிப் பிடியில் ஒரு துணியைச் சுற்றியிருந்தாள்.

சிவப்பும் பச்சையுமாக ஜோடிக்கரை.

செங்கோடன் அதைப் பார்த்தார். தன் தோளில் கிடந்த கிழிந்த துண்டைப் பார்த்தார். மறுபடி வாளியைப் பார்த்தார்.

அஞ்சலை கரண்டியை நீட்டிக்கொண்டே நின்றாள்.  செங்கோடன் மெல்லத் தலையை நிமிர்த்தி அந்த மெஸ்ஸைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு இலை ஓரத்திலும் கடித்துப் பார்த்துவிட்டு ஒதுக்கின துண்டுகள் கிடந்தன. எல்லாம் விரல் நீளம். முழக்காய் எது, குட்டைக்காய் எது என்று நீளத்தை வைத்து அவரே இனி சொல்ல முடியாது.

"மாமா" என்றாள் பொற்கொடி. "சந்தையை மாத்தின ஆளு யாருன்னு கேட்டீங்களே."

அவள் முகவாயால் எதிர் பெஞ்சைக் காட்டினாள். கொத்தனார் பேசிக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு துண்டைக் கடித்தார். யார்மேலும் கோபம் இல்லை, ஒரு குறையும் சொல்லவில்லை. சுண்டுவிரலால் அதை இலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அடுத்த கவளத்தைப் பிசைந்தார்.

"அவருங்க" என்றாள்.

பிறகு செங்கோடனின் இலை ஓரத்தைப் பார்த்தாள்.

செங்கோடனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த மலை மலையான வெங்காயம், கண்ணுக்கெட்டாத லாரி வரிசை, ஓடுகிற ஆயிரம் தலை, அத்தனையும் ஒரு மனிதனின் சுண்டுவிரலுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறதா? அந்த மனிதன் தன் எதிரே உட்கார்ந்து மோர் கேட்கிறானே!

ஒதுக்கி வைத்த துண்டை எடுத்து மறுபடி வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்றார். கண் கலங்கியிருந்தது.

"அம்மிணி, என்ற வீட்டுல தெனம் முருங்கைக்காய்தான். வெண்ணையாட்டம் இருக்குமே. நானு தெனம் திங்கறனே!"

"வீட்டுல ஆக்கறது எந்தக் காயிங் மாமா?"

"நீளாதுன்னு இளசுலயே பறிச்சுப்போட்டது" என்றார்.

புதன்கிழமை காலையில் மாரப்பன் மரமறுக்கும் மெஷினோடு வந்தான். ஊர் ஆண்களில் பாதிப்பேர் பின்னால் வந்தார்கள். தோட்டத்தில் இரண்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு சட்டியில் சாம்பார் கொதித்தது. பாவாயி வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். பொற்கொடி வேலியோரமாக நின்றாள்.

"என்னங் மாமா, மரத்துக்குக் கருமாதியா?" என்று மாரப்பன் கேலி செய்தான்.

"உக்காந்து தின்னு. அப்புறம் பேசு."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஒரு சட்டியில் முழக்காய். இன்னொன்றில் நீளாது என்று பறித்த கோணலும் குட்டையும். எந்தச் சட்டி எது என்று செங்கோடன் சொல்லவில்லை. பரிமாறிவிட்டு, இலைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தார். ஊர்க்காரர்கள் சாப்பிட்டார்கள், கதை பேசினார்கள், ஒதுக்கினார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் அவர் இலை ஓரங்களில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஒரு முறத்தில் போட்டார். முறத்தை நடுவில் வைத்தார்.

"எண்ணிப் பாருங்கப்பா. இது அத்தனையும் முழக்காயி. என்ற முழக்காயி."

 மாரப்பன் தன் இலை ஓரத்தைப் பார்த்தான். பிறகு மெஷினைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"நானு வர்றனுங் மாமா."

"இன்னும் ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்றாள் பாவாயி. அவள் நீட்டினது குட்டைக்காய்ச் சட்டி. மாரப்பன் மறுபடி உட்கார்ந்தான்.

செங்கோடன் மரத்தடிக்குப் போனார். கைக்கெட்டும் உயரத்தில் ஒரு காய் தொங்கியது. இன்னும் நீள வேண்டிய காய். பழைய செங்கோடனாக இருந்தால் தொட்டிருக்க மாட்டார். பறித்தார். பழக்கதோஷம், கை தானாக மடங்கி முழங்கை மூட்டில் காயை வைத்தது. பாதி உள்ளங்கைகூட வரவில்லை.

அளந்தபடியே நின்றார். ஊரும் அவர் கையையே பார்த்தது. நானூறு மரம் தலைக்கு மேலே சலசலத்தது. இனி அத்தனை காயையும் எதைக் கண்டு பறிப்பது, எதைக் கண்டு விடுவது? முப்பது வருஷமாகத் தெரிந்த ஒரே கணக்கு கையை விட்டுப் போய்விட்டது.

வேலியோரம் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார். மகள் வயசு என்பதெல்லாம் அவருக்கு மறந்தே போயிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார்.

"தாயி, முழத்தை விட்டுப்போட்டா, அப்புறம் காயை எதை வெச்சு அளக்கறது?"

பொற்கொடி சிரித்தாள்.

"முழங்கை என்னைக்குங் மாமா சோறு தின்னுச்சு?"